முனியாண்டி காவலில் இருந்த பந்தயக் காரும் முழுப் பாலிசியும்

1

என் காருக்கு முழுப் பாலிசி எடுத்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டை ஓய்ந்து கப்பல் ஓட ஆரம்பித்ததும் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் எல்லாம் முதல் வரி நான் உயிரோடு இருக்கிறேனா என்பது. இரண்டாவது வரி கார் இருக்கிறதா என்பது. நானும் இருக்கிறேன், காரும் இருக்கிறது. இரண்டும் ஆண்டவன் போட்ட பிச்சை.

பாலிசி என்றால் என்ன என்று என் சித்தப்பா மகன் கேட்டிருக்கிறான். இங்கே மலாயாவில், கெடாப் பக்கம், வாடகைக் கார் ரோட்டில் ஓட வேண்டுமானால் அது இல்லாமல் முடியாது. இரண்டு தினுசு உண்டு. ஒன்று, நம் கார் யார் மேலாவது மோதினால் அவனுக்கு மட்டும் கம்பெனி கொடுக்கும். நம் கார் நொறுங்கிப்போனால் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குத் தேர்ட் பார்ட்டி என்று பெயர். இன்னொன்று, திருடு போனாலும் தீப்பிடித்தாலும் மரத்தில் மோதினாலும் நமக்கும் கொடுக்கும். அதுதான் முழுப் பாலிசி.

சாதாரணக் காருக்கு முதல் தினுசு போதும் என்பார்கள். என் கார் சாதாரணக் கார் இல்லை. நான் டிரைவராக இருந்த தோட்டத்துச் சின்னத்துரை பந்தயம் விடுவதற்காக இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவழைத்த கார் அது. எஞ்சினுக்குக் கார்புரேட்டர் இரண்டு. உடம்பைத் தரையோடு ஒட்டத் தாழ்த்தியிருந்தார். புகைக்குழாயில் சத்தத்தை அடக்குகிற பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டார். அவர் மாற்றலாகிப் போனபோது என்னிடம் விற்றார். இரண்டே பேர் உட்காருகிற காரை வைத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்ட முடியுமா? பண்டார் பாருவில் ஒரு சீனத் தச்சரிடம் கொடுத்து, பின்னால் பலகையால் ஒரு பெஞ்சு அடித்து மேலே கித்தான் போட்டேன். முன்பாதி பந்தயக் குதிரை, பின்பாதி மாட்டு வண்டி. கோத்தா கோலா மூடாவிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணை ஏற்றி வந்தேன். இறங்கும்போது அந்தப் பெண்ணின் தகப்பனார், "கொண்டையோட ஏத்துனோம், வெறும் முடியோட எறக்கியிருக்கியே தம்பி" என்றார்.

இப்படிப்பட்ட காருக்குப் பாலிசி எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியதை என் அனுபவத்தில் சொல்கிறேன். என்னென்ன மாற்றினோமோ எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் பிறகு கம்பெனி கையை விரித்துவிடும். கார் அழிந்தால் இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி எழுதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சாதாரணக் காரின் விலைதான் கிடைக்கும். ஒரு சாமான் உடைந்தால் அது கடல் தாண்டி வர எத்தனை மாதமாகுமோ, அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முழுப் பாலிசி என்றால் கம்பெனி ஆள் வந்து காரைக் கண்ணால் பார்ப்பார்.

அங்கேதான் எங்களுக்குச் சங்கடம். அந்தக் காரை யாரும் தொடக்கூடாது என்று என் மனைவி அஞ்சலை சொல்லிவிட்டாள். தொட்டால் அவள் அண்ணன் வீரையன் வரமாட்டான் என்றாள்.

2

சண்டைக்கு முன்னால் பினாங்கிலிருந்து ஒரு இன்சூரன்ஸ் ஏஜண்டு வந்திருந்தார். எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பாலிசியைப் படித்து அர்த்தம் சொன்னார். என் மச்சான் வீரையனும் கூட இருந்தான். அவனுக்குக் காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டு, சாயங்காலம் முனியாண்டி. தோட்டத்து எல்லையில், ஓடைக்கரை மரத்தடியில் இருக்கிற முனியாண்டிக்கு அவன்தான் பூசாரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்கும் முனிக்கும் சேத்து எவ சோறாக்குவா?" என்பான்.

ஏஜண்டு கடைசிப் பக்கத்துக்கு வந்தார். யுத்தம், கலகம், எதிரி நாட்டுப் பட்டாளம் ஆகியவற்றால் வரும் நஷ்டத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று படித்தார்.

"அப்ப எதுக்குத்தான்யா பொறுப்பு?" என்றான் வீரையன்.

"தீ, திருட்டு, விபத்து."

"தீயத் தண்ணி ஊத்தி அணைச்சுருவோம். திருடன நாய் பாத்துக்கும். பட்டாளம் வந்தா யாரு பாக்கிறது?"

"இங்க எங்கண்ணே பட்டாளம் வரப்போவுது?"

"எங்க முனிக்கிட்ட இந்தக் கடசிப் பக்கமே கெடையாது, தெரியுமா?"

ஏஜண்டும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். நான் மலிவான பாலிசியை எடுத்துக்கொண்டேன். அந்த மழைக் காலத்திலேயே பட்டாளம் வந்துவிட்டது. வெள்ளைக்காரத் துரைமார்கள் தெற்கே போனார்கள். பாலங்களை அவர்களே வெடி வைத்து உடைத்துவிட்டுப் போனார்கள். பினாங்கில் குண்டு விழுந்தது. இன்சூரன்ஸ் ஆபீஸ் எங்கே போயிற்று என்று கேட்க ஆள் இல்லை.

ஜப்பான்காரன் முதலில் ரோட்டில் ஓடிய கார்களை எடுத்தான். பிறகு கொட்டகையில் நின்றவற்றை எடுத்தான். ஒளித்துவைத்தவன் அகப்பட்டால் தலை போய்விடும். என் கார் ஒளித்துவைக்கக்கூடிய கார் இல்லை. ஒரு தடவை முடுக்கினால் எங்கள் பாடாங் மேஹா தோட்டம் முழுக்கக் கேட்கும்.

"முனிக்கிட்ட விட்டுருவோம் மாப்ளே," என்றான் வீரையன்.

நம் ஊரில் தோப்புக்கும் கொல்லைக்கும் காவல் கட்டுவோம் அல்லவா, இங்கே தோட்டத்திலும் அது உண்டு. ஊருக்குப் போகிறவன் தன் ஆட்டை, வாழையை, பூட்டின வீட்டை முனியாண்டி பொறுப்பில் விட்டுப் போவான். மஞ்சள் கயிறு கட்டி, "கட்டினவன் வந்து கேட்கிற மட்டும் யார் கையிலும் விடாதே" என்று சொல்லுவார்கள். கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும். வேறு கை அவிழ்க்கக்கூடாது. கட்டினவன் செத்துப்போனால் மட்டும் அவன் உடன்பிறந்த இரத்தம் அவிழ்க்கலாம்.

உச்சி வேளையில் முனி உலாவும் என்று அந்தப் பக்கம் ஜனங்கள் தலைகாட்டுவதில்லை. அதனால் வீரையன் உச்சி வேளையையே தேர்ந்தெடுத்தான். எஞ்சினை முடுக்காமல், நானும் அவனும் அஞ்சலையும் எங்கள் மகள் கமலாவும் காரைக் கையால் தள்ளிக்கொண்டு போனோம். கோயிலுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலையால் ஒரு கொட்டகை போட்டு உள்ளே விட்டோம். பேட்டரியைக் கழற்றினோம். பெட்ரோலை வடித்தோம். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தான். கயிற்றை ஸ்டியரிங்கில் கட்டி, சுருட்டைப் பற்றவைத்துச் சாமிக்கு வைத்தான்.

"காரு ஒன்னுது. கட்டு என்னுது," என்றான் என்னைப் பார்த்து. அப்போது அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

3

அதற்குப் பிறகு எங்கள் வாழ்வு மரவள்ளிக் கிழங்கும் கும்பிடும்தான். பாலத்தில் நிற்கிற சிப்பாயைக் கண்டால் இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும். நான் பழக்க தோஷத்தில் "தாபே துவான்", வணக்கம் துரை, என்று மலாயில் சொல்லிவிட்டேன். துவான் என்றால் வெள்ளைக்காரன் என்று அவன் எண்ணிக்கொண்டான் போலிருக்கிறது. கன்னத்தில் ஒன்று விட்டான். கூலிம் ஆபீசில் வண்டிகளைப் பதியச் சொன்னார்கள். போய் வரிசையில் நின்று, வண்டி 'ரோசாக்', உடைந்துபோயிற்று, ஆற்றில் போட்டுவிட்டேன் என்றேன். எந்த ஆறு என்று கேட்டார்கள். மூடா ஆறு என்றேன். எழுதிக்கொண்டு, இன்னொரு மேசைக்குப் போகச் சொன்னார்கள். அங்கேயும் அதே கேள்வி. நடுவில் ஒரு சமயம் எங்கள் கெடாவைச் சயாம்காரன் கையில் கொடுத்துவிட்டார்கள். கொடி மாறியது, மேசையில் உட்கார்ந்திருந்தவர் மாறினார். கேள்வி மட்டும் மாறவில்லை.

கமலா ஜப்பான் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். காலையில் கிழக்கே பார்த்துக் குனிந்து நிற்பாள். நான் சூரிய நமஸ்காரம் என்று சந்தோஷப்பட்டேன். "இல்லப்பா, அது அவங்க ராஜாவுக்கு" என்றாள். இச்சி, நி, சான் என்று எண்ணிக்கொண்டே கிழங்கு நறுக்குவாள். விளக்கேற்றும்போது கந்தர் பேரைச் சொல்லு என்றால் முணுமுணுப்பாள். அது கந்தர் பேர்தானா என்று எனக்குச் சந்தேகம்.

அந்தக் கொட்டகைப் பக்கம் நான் வாரத்துக்கொரு தரம் கற்பூரம் ஏற்றப் போவேன். கார் அப்படியே இருக்கும். ஆனால் எலுமிச்சம்பழங்கள் வாடவில்லை. நாங்கள் மாற்றவும் இல்லை. அப்போது சந்தையில் எலுமிச்சம்பழத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. வீரையனைக் கேட்டால், "நான் வைக்கல மாப்ளே" என்பான்.

ஒரு நாள் பழைய இரும்பு தேடி ஒரு சிப்பாய் வந்தான். தோட்டத்துக் கங்காணி வழிகாட்டிக்கொண்டு வந்தார். உச்சி வேளை. நானும் வீரையனும் ஓடைக்கரையில் நின்றோம். சிப்பாய் ஓலையை விலக்கி, கையை உள்ளே நீட்டி, காரின் மூக்கில் வைத்தான். வைத்த வேகத்தில் கையை எடுத்தான். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஓலையை அவனே பழையபடி சாத்திவிட்டு, நடந்துபோனான்.

அவன் போனதும் நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். வெகுதூரம் ஓடி வந்து இப்போதுதான் நின்ற காரின் மூக்கு எப்படிச் சுடுமோ, அப்படிச் சுட்டது. மரநிழல் ஒரு பொட்டு வெயிலை விடாத இடம் அது. உள்ளே பெட்ரோல் கிடையாது, பேட்டரி கிடையாது. நான் நெற்றியில் நீறு பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

4

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். முதலில் நல்ல சம்பளம், மூன்று வேளைச் சோறு என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். யாரும் போகாததால் காலைப் பிரட்டுக்கு வந்து நின்றவர்களை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். பிரட்டு என்றால் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அன்று வரிசையில் நின்ற வீரையனையும் ஏற்றிவிட்டார்கள். பால் வெட்டுகிற கத்தி அவன் நின்ற இடத்திலேயே கிடந்தது.

கங்காணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒம் மச்சானக் காப்பாத்த ஒரு வழி இருக்கு தம்பி. ஆள் புடிக்கிற ஜப்பான் கேப்டனுக்குக் காருன்னா உசிரு. பந்தயக் காரு எங்க நிக்குதுன்னு நீயே போய்ச் சொல்லு. நீயே கண்டுபுடிச்சேன்னு சொல்லு. அதுக்குப் பதிலா ஒரு ஆள விடச் சொல்லு. நான் பேசுறேன்."

"நாந்தான் ஆத்துல போட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கேனே கங்காணி?"

"அதயும் நான் பேசிக்கிறேன்."

வீட்டில் அஞ்சலை என் காலைப் பிடித்துக்கொண்டாள். "போங்க. குடுத்துருங்க. எனக்குக் காரு வேணாம், எங்கண்ணன் வேணும்."

எனக்கும் கார் வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனால் கட்டு வீரையனுடையது. அவன் அவிழ்க்காமல் யார் காரை எடுத்தாலும் எடுத்தவன் குடும்பம் விளங்காது. அவனைக் கேட்க வேண்டும், அவன் வாயால் "எடுத்துக்கோ" என்று ஒரு சொல் வாங்க வேண்டும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனுக்கு ஓடினேன். டயருக்குப் பதில் கெட்டி ரப்பர், எலும்பெல்லாம் குலுங்கியது.

சரக்கு வண்டிகளுக்குப் பக்கத்தில் அவர்களைத் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். காவல்காரன் ஒரு சீக்கியர். கிழங்கைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினேன், விட்டார். வீரையன் வாய் நிறைய வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தான். விருந்துக்குப் போகிறவன் மாதிரி இருந்தான்.

விஷயத்தைச் சொன்னேன். துப்பிவிட்டுச் சிரித்தான்.

"ஒன்னய மாதிரி ஒரு மடையனுக்கு என் தங்கச்சியக் கட்டிக் குடுத்தேன் பாரு. காரக் காட்டுனா என்ன விடுவான்னு எவன் சொன்னான்? ஆத்துல போட்டேன்னு பொய் சொன்னதுக்கு ஒன் தலைய எடுத்துட்டு, காரயும் எடுத்துட்டு, என்னயும் ஏத்திருவான்."

"கங்காணி பேசுறேன்னாரு மச்சான்."

"கங்காணி பேச்ச நம்பித்தான் நம்ம அப்பனுங்க கப்பலேறுனானுங்க."

நான் அழுதுவிட்டேன். அவன் என் கையைப் பிடித்தான்.

"இங்க பாரு மாப்ளே. அவுத்துட்டுப் போனேன்னா முனிக்கு என்னோட கணக்குத் தீந்துபோச்சு. அவுக்காமப் போறேன்னு வச்சுக்க. கட்டுனவன் வந்து கேக்குற மட்டும் காவலு நிக்கணும்னு வாக்கு. நான் வந்து கேட்டாத்தான் அவனுக்கு விடுதல. அப்ப என்னய அங்கயே விட்டுருவானா? எங்க கெடந்தாலும் தூக்கிக் கொண்டாந்து நிறுத்திர மாட்டானா? இதாண்டா எனக்கு இன்சூரன்சு. நீ தொடாம இரு. யாரயும் தொட விடாத."

காவல்காரர் என்னைக் கூப்பிட்டார். எழுந்து நடந்தேன். பின்னாலிருந்து, "தங்கச்சிக்கிட்டச் சொல்லு, வந்துருவேன்னு," என்று கத்தினான். நான் வந்து அப்படியே சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அஞ்சலை அந்தக் கயிற்றைத்தான் நம்பினாள்.

5

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். அஞ்சலை ஸ்டேஷனுக்குப் போய் ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒருவன் வீரையனை ஆற்றங்கரை முகாமில் பார்த்தேன், காலில் புண் என்றான். இன்னொருவன், அடுத்த வண்டியில் வருவான் என்றான். அவனோடு போய்த் திரும்பிய, எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெரியசாமி மட்டும் அவளைக் கண்டால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவான். அவள் அவனிடம் கேட்கவேயில்லை.

நான் வீரையனுடைய மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை; மார்பில் சளி கட்டி மூச்சு இழுத்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்து மறுபடியும் லைசென்சு கொடுத்தான். சந்தையில், ஆஸ்பத்திரியில், கல்யாண வீட்டில் எல்லாரும் கார் தேடினார்கள். என் கார் மட்டும் ஓலைக்குள் நின்றது.

கமலா இதற்குள் ஜப்பான் பாஷையை மறந்துவிட்டு இங்கிலீஷுக்குத் தாவிவிட்டாள். சுங்கைப்பட்டாணியில் ஒரு கடையில் கணக்கெழுதப் போகிறாள். அவள்தான் இன்சூரன்ஸ் ஏஜண்டைப் பிடித்தாள்.

"தேர்ட் பார்ட்டி போதாதுப்பா. எஞ்சின் சாமான் ஒண்ணு போனா இங்க கெடைக்காது லா. முழுசா எடுங்க."

"முனி இருக்கும்போது என்ன முழுசு?"

"முனி பாலிசில வரமாட்டாருப்பா. கையெழுத்துப் போட மாட்டாரு."

அஞ்சலை அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "ஒம் மாமன் கட்டுன கட்டு அது. அவுத்தா அவரு செத்துட்டார்னு நாமளே சொன்ன மாதிரி. நீ சொல்லுவியா? சொல்லு பாப்போம்."

மாமன் தோளில் வளர்ந்த பெண் கமலா. முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடியில் துணி எடுக்கப் போய்விட்டாள்.

நான் முருகனிடம் பூப்போட்டுப் பார்த்தேன். ஒரு தரம் வெள்ளை வந்தது, மறு தரம் சிவப்பு. தெய்வமும் எங்களைப் போலத்தான் திகைத்து நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் அஞ்சலையே இறங்கி வந்தாள். என் இருமல் அவளை இறக்கியது. ஏஜண்டு வந்து பார்க்கட்டும், ஆனால் கயிற்றில் கை வைக்கக்கூடாது, கதவைத் திறக்கக்கூடாது. பார்த்து எழுதிக்கொண்டு போகட்டும்; அண்ணன் வந்ததும் மற்றது. அதற்கு ஒப்புக்கொண்டேன்.

6

ஏஜண்டு தாமோதரம் யாழ்ப்பாணத்துக்காரர். வேதக்காரர், கழுத்தில் சிலுவை. வெள்ளைக் காற்சட்டை, தலையில் தொப்பி, கறுப்புக் குடை. எங்கள் குடும்பக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. கோயில் கட்டுப்பாடு, தொடக்கூடாது என்று மட்டும் கமலா சொல்லியிருந்தாள்.

சாயங்காலம் வாருங்கள் என்றேன். "அதுக்குப் பிறகு எனக்கு பஸ் இல்லை" என்று உச்சி வெயிலிலேயே வந்துவிட்டார். பால் வெட்டு முடிந்து தோட்டம் அடங்கியிருந்தது. ஒரு பறவைச் சத்தம் இல்லை. ரப்பர்க் கொட்டை வெடிக்கிற சத்தம் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டது.

நானும் கமலாவும் முனியாண்டி முன்னால் நின்று கற்பூரம் ஏற்றினோம். தாமோதரம் எங்களுக்காகக் காத்திருக்காமல் குடையை மடக்கிக்கொண்டு பின்னால் போனார். ஓலையை விலக்குகிற சத்தம் கேட்டது. அவர் ஏதோ பேசுகிற சத்தமும் கேட்டது. எங்களிடம்தான் பேசுகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கோபமாகத் திரும்பி வந்தார்.

"உங்கட டிரைவரை ஒருக்கா இறங்கச் சொல்லுங்கோ. எஞ்சின் நம்பர் பாக்க வேணும், அந்தாள் வழி விடுதில்லை."

"எந்த டிரைவருங்க?"

"உள்ளுக்கை இருக்கிறார். வணக்கம் எண்டு சொன்னன், மறுமொழி இல்லை. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறார். தொடக்கூடாது எண்டு எனக்குச் சொல்லிப்போட்டு, நீங்கள் ஆளை ஏத்தி வைச்சிருக்கிறியள்."

கமலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் பின்னால் போனோம். இருக்கையில் யாரும் இல்லை. கயிறு கட்டினபடி இருந்தது. இருக்கைமேல் தூசி ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. அதில் ஒரு சுவடும் இல்லை. சுருட்டு வாசம் மட்டும் அடித்தது.

தாமோதரம் குடையைக் கீழே போட்டுவிட்டார். "இப்ப இருந்தவர்," என்றார். "இப்பதான் இருந்தவர்."

அப்போதுதான் கவனித்தேன், ஏஜண்டுக்கு மோர் கொண்டுவந்த அஞ்சலை எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சொம்பைப் பதனமாகத் தரையில் வைத்தாள். தாமோதரத்தின் எதிரே வந்து நின்றாள். அவர் நகரப் பார்த்தார், அவள் விடவில்லை.

"அய்யா. அவரு எப்படி இருந்தாரு?"

"எனக்குத் தெரியாதம்மா. நான் போக வேணும்."

"எளைச்சிருந்தாரா?"

தாமோதரம் என்னைப் பார்த்தார். அவருக்கு எது விளங்கியதோ எனக்குத் தெரியாது. குரல் தணிந்துவிட்டது.

"மெலிஞ்ச ஆள்தான் அம்மா. தலையிலை சிவப்புத் துண்டு."

"காலு? கால்ல புண்ணு இருந்துச்சா?"

"காலை நான் காணேல்லை. முகத்தைத்தான் பாத்தன்."

"மொகம்?"

"முகம் தெளிவாத்தான் இருந்தது. வெத்திலை போட்டிருந்தவர். என்னைப் பாத்துச் சிரிச்சவர்."

அஞ்சலை தலையை ஆட்டிக்கொண்டாள். அழவில்லை. இத்தனை வருஷம் ஸ்டேஷனில் நின்று ஆளாளுக்குக் கேட்டவள், கேள்வி தீர்ந்துபோனவள் மாதிரி நின்றாள். பிறகு ஓலையை முழுவதும் விலக்கிவிட்டு உள்ளே போனாள்.

"அம்மா," என்றாள் கமலா. "அவுக்காதம்மா. வேணாம்மா. பாலிசியே வேணாம்." அவள்தான் இப்போது அழுதாள்.

"வந்துட்டாருடி. வந்துருவேன்னாரு, வந்துட்டாரு. எத்தன நாளா ஒக்காந்திருக்காரோ. நாமதான் யாரும் கேக்கல."

முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். அண்ணன் தங்கச்சி இரத்தம். அவிழ்க்கிற பாத்தியம் அவளுக்குத்தான். கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் முடிந்தாள். சுற்றி வந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். துருப்பிடித்த கதவு, முதலில் முரண்டியது, பிறகு வந்தது.

"எறங்குங்கண்ணே," என்றாள். "வீட்டுக்குப் போவோம்."

கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். காரிலிருந்து பெரியவர்கள் இறங்கும்போது நாம் எப்படி நிற்போமோ, அப்படிச் சற்றுக் குனிந்து நின்றாள். ஒரு இலைகூட அசையவில்லை. நானும் கமலாவும் கைகூப்பினோம்.

வாசலை மறித்தபடி நின்றிருந்த தாமோதரம் தொப்பியைக் கழற்றினார். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து, ஓலையோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டார்.